உட்காரப் போன கண்டக்டர்

கண்டக்டர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறு வாரமே அவர் மனைவி ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள். இந்த மனிதரை வீட்டில் வைத்துக்கொண்டு குப்பை கொட்ட முடியாது. அடுப்படி வாசலில் நின்றுகொண்டு, "உள்ள போ, உள்ள போ, வழியில நிக்காத" என்று அவளையே விரட்டினால் அவள்தான் என்ன செய்வாள்? வாழ்நாள் முழுக்கப் பேருந்தில் கத்தியே சோறு தின்றவருக்குப் பழக்க தோஷம் அவ்வளவு சீக்கிரம் போய்விடுமா? "ஏங்க, எங்கயாவது போய் உக்காந்துட்டு வாங்களேன்" என்று ஒரு நாள் கெஞ்சினாள். அவள் மனதில் இருந்தது நூலகம். அவர் கடைசியில் போய் உட்கார்ந்தது போலீஸ் ஸ்டேஷனில்.

நூலகத்துக்குத்தான் முதலில் போனார், பொய் சொல்லக் கூடாது. அங்கே பின்னறையில் மனித உரிமைக் குழு கூடிக்கொண்டிருந்தது. குழு என்றதும் ஏதோ பெரிய படை என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு வக்கீலம்மா, ஒரு மருந்துக் கடைக்காரர், யார் வாயைத் திறந்தாலும் திருத்தம் சொல்கிற ஒரு வாத்தியார், அவ்வளவுதான். அவர்களுடைய கவலை அந்தப் பகுதி ஸ்டேஷன். அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான் என்பதை வேதவாக்காக எடுத்துக்கொண்ட ஸ்டேஷன் அது. சந்தேகம் என்று ஒருவனைப் பிடித்துப் போனால் அவன் நொண்டிக்கொண்டுதான் திரும்புவான். குழு கொடுத்த மனுக்கள் எல்லாம் கிணற்றில் போட்ட கல். ஆனால் வக்கீலம்மா ஒரு விஷயத்தைக் கவனித்திருந்தாள். அவள் வேறு வேலையாகப் போய், உள்கதவுக்கு எதிரே கிடந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்த நாளில் மட்டும் யாரும் கை ஓங்கவில்லை. சட்டத்துக்குக் கூசாத கை, பார்க்கிற கண்ணுக்குக் கூசியது.

ஆகவே யாராவது போய் உட்கார வேண்டும். பூனைக்கு யார் மணி கட்டுவது? வக்கீலம்மாவுக்குக் கோர்ட், மருந்துக் கடைக்காரருக்குக் கடை, வாத்தியாருக்கு ரத்தக் கொதிப்பு. மூலையில் செய்தித்தாளை விரித்துவைத்துக்கொண்டு ஒட்டுக் கேட்டுக்கொண்டிருந்த கண்டக்டர் பக்கம் எல்லோரும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள்.

வக்கீலம்மா விதிகளைச் சொல்லிக் கொடுத்தாள். பேசக் கூடாது. சண்டைக்குப் போகக் கூடாது. எதைக் கொடுத்தாலும் வாங்கக் கூடாது. பிடித்து வந்த ஆள் வெளியே வரும்வரை, இல்லை கோர்ட்டுக்குப் போகும்வரை, உள்கதவை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது. வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது, பேசக் கூடாது என்பதை மட்டும் மனைவி இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டாள். அந்த வக்கீலம்மா நன்றாக இருக்கட்டும் என்றாள்.

முதல் நாள் ஏட்டு வந்து என்ன புகார் என்று விசாரித்தார். புகார் இல்லை. பின்னே எதற்கு? சும்மா. சும்மா உட்கார்ந்தால் என்ன குற்றம் என்று ஏட்டு யோசித்துப் பார்த்தார், ஒன்றும் அகப்படவில்லை. மறு வாரம் பெஞ்சையே தூக்கி உள்ளே போட்டுவிட்டார்கள். கண்டக்டர் நின்றார். ஓடுகிற பேருந்தில் ஒரு காலை ஊன்றிச் சில்லறை கொடுத்தவருக்கு அசையாத தரையில் நிற்பது ஓய்வு நாள் மாதிரி. அவர் நிற்பதைப் பார்க்கப் பார்க்கப் போலீஸ்காரர்களுக்குத்தான் கால் வலித்தது. பெஞ்சு திரும்பி வந்தது.

இப்படியே வருஷங்கள் போயின. ஓட்டல் சப்ளையர், லாரி கிளீனர், நோட்டீஸ் ஒட்டிய கல்லூரிப் பையன்கள் என்று யார் யாரோ உள்ளே போனார்கள். போன மாதிரியே வெளியே வந்தார்கள். ஸ்டேஷனும் அவரைச் சகித்துக்கொள்ளப் பழகியது. ஏட்டு தன் சர்க்கரை வியாதியைப் பற்றி அவரிடம் புலம்புவார்; பதில் பேசாத ஆளிடம் புலம்புவதில் ஒரு சுகம் இருக்கிறது. வாய் திறக்காமலே கண்டக்டர் அந்தக் கட்டடத்தில் வேண்டப்பட்ட ஆளாகிவிட்டார்.

அப்போதுதான் புது அதிகாரி மாற்றலாகி வந்தார். மெதுவாகப் பேசுகிற, படித்த, சட்டை கசங்காத மனிதர். முதல் நாளே கண்டக்டரிடம் வந்து, "சார், இங்க ரொம்ப புழுக்கமா இருக்கே, உங்க வயசுக்கு இது ஆகுமா?" என்று கேட்டார். சார். எத்தனையோ லட்சம் பேருக்கு டிக்கெட் கிழித்தவரை ஒருத்தர்கூட அப்படிக் கூப்பிட்டதில்லை. யோவ் என்பார்கள், அதிலும் பாதிப் பேர் அதற்குமேல் ஒன்று சேர்த்துச் சொல்வார்கள். அன்றே பெஞ்சை முன்கூடத்துக்கு மாற்றினார்கள். மேலே ஒரு ஃபேன் மாட்டினார்கள். பக்கத்தில் தண்ணீர்க் குடம், அன்றைய செய்தித்தாள். வாங்கக் கூடாது என்றுதான் விதி. காற்றை யாராவது கையில் கொடுக்கிறார்களா என்ன, தானாக அல்லவா வருகிறது என்று கண்டக்டர் தனக்குத்தானே வாதாடி ஜெயித்தார். உள்கதவு அங்கிருந்து தெரியவில்லை என்பதும் அவருக்குத் தெரியும். யார் போகிறார்கள், யார் வருகிறார்கள் என்பது தெரிந்தால் போதாதா? வீட்டில் போய் ஃபேனைப் பற்றிப் பெருமை அடித்தார்.

"மாமியார் வீட்டுல உங்களுக்கு இந்த மரியாதை கிடைக்கலைன்னு எங்கம்மா மேல குறை சொல்லுவீங்களே," என்றாள் மனைவி. "இப்ப கிடைச்சிருச்சு பாருங்க, மாமியார் வீட்டுல."

பிறகு ஒரு பிளம்பரைப் பிடித்துப் போனார்கள். குழாய் மாற்றப் போன வீட்டில் ஒரு வளையலைக் காணவில்லையாம். அவன் அம்மா அலுவலகங்களில் தரை துடைக்கிறவள். கையில் துடைப்பத்தோடே ஓடி வந்து கண்டக்டர் வீட்டு வாசலில் நின்றாள். அவர் சட்டையை மாட்டிக்கொண்டே, "நீ வேலைக்குப் போம்மா. நான் அங்க உக்காந்திருக்கிற வரைக்கும் உன் பையன் மேல ஒரு அடி விழாது" என்றார். அவள் நம்பினாள். ஏன் நம்ப மாட்டாள்? ஊரே சொல்கிறதே.

பொழுது சாயும்போது பையன் வெளியே வந்தான். வளையல் அந்த வீட்டுக்காரியின் தலையணை உறைக்குள்ளேயே கிடைத்துவிட்டதாம். செய்தித்தாளை மடித்துவைத்துவிட்டுக் கண்டக்டர் சிரித்த முகமாக எழுந்தார். பையன் வலது கையை இடது கையால் தாங்கிப் பிடித்திருந்தான். நடுவிரலும் மோதிர விரலும் இருக்க வேண்டிய திசையில் இல்லை.

"நீங்க இன்னைக்கு வரலைன்னு நினைச்சேன்" என்றான்.

"காலையிலேயே வந்துட்டேனேப்பா. இங்கயேதான் இருக்கேன்."

பையன் பெஞ்சைப் பார்த்தான், ஃபேனைப் பார்த்தான். அது கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. "அப்ப நான் கத்துனது கேக்கலையா?" என்றான். அதில் கோபம் இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். கண்டக்டர் நிமிர்ந்து ஃபேனைப் பார்த்தார். அன்றிரவு சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்தவர் அப்படியே எழுந்துவிட்டார். மனைவி தட்டை எடுத்து மூடிவைத்தாள்.

வக்கீலம்மா விடவில்லை. மேலிடம் வரைக்கும் போய் ஒரு விசாரணை வாங்கிவிட்டாள். அதற்கு ஸ்டேஷன் சொன்ன பதிலைக் கேட்டு வாத்தியாரே திருத்தம் சொல்ல மறந்துபோனார். அன்றைக்கு யாரையும் அடிக்கவில்லை, பையன் வழுக்கி விழுந்துவிட்டான், சந்தேகம் இருந்தால் மனித உரிமைக் குழுவின் ஆளையே கேட்டுக்கொள்ளலாம், காலையிலிருந்து சாயங்காலம்வரை எங்கள் ஸ்டேஷனில்தான் இருந்தார், எதையாவது கேட்டாரா என்று அவரையே சொல்லச் சொல்லுங்கள் என்றார்கள். கண்டக்டர் இப்போது போலீஸ் தரப்புச் சாட்சி.

விசாரணைக்கு முந்தின நாள் பிளம்பரின் அம்மா வந்தாள். பையனால் ஸ்பேனரைப் பிடிக்க முடியவில்லை, எந்த வீட்டிலும் இனிமேல் வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள் என்றாள். பிறகு, "கேட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்கண்ணே. பொய்யில்லையே, அவன் கத்தினது நிஜம்தானே" என்றாள். கண்டக்டருக்கும் அதைச் சொல்லிவிட்டால் தேவலை என்றுதான் இருந்தது. பையனுக்கும் நல்லது, தன் மானத்துக்கும் நல்லது. ஆனால் வாய் அவளுக்குச் சரி என்று சொல்ல மறுத்தது.

விசாரணை நடத்த மேலிடத்திலிருந்து வந்தது வெளியூர் அம்மா ஒருத்தர். ஸ்டேஷன் முன்கூடத்தில் மேசை போட்டு உட்கார்ந்தார். ஃபேன் சத்தத்தில் ஒன்றும் கேட்காது என்று வக்கீலம்மா எடுத்துச் சொன்னாள். போட்டுக் காட்டுங்கள் என்றார் அந்த அம்மா. ஏட்டு சுவிட்சைப் போட்டார். அத்தனை நாள் கடகடத்த ஃபேன், எண்ணெய் தேய்த்துக் குளித்த பிள்ளை மாதிரிச் சத்தமில்லாமல் சுற்றியது. உள்ளே யாரோ தும்மியது வாசல்வரை கேட்டது. புது அதிகாரி கசங்காத சட்டையோடு மரியாதையாக நின்றுகொண்டிருந்தார். விசாரிக்க வந்த அம்மா கண்டக்டரிடம் திரும்பி, அன்றைக்கு ஏதாவது கேட்டீர்களா என்றார்.

சுவரோரம் பிளம்பரும் அவன் அம்மாவும் நின்றார்கள். கண்டக்டர் அவர்களைப் பார்த்தார்.

"கேக்கலைங்க" என்றார். அதிகாரி லேசாகத் தலையசைத்தார்.

"ஆனா அதை இவங்களுக்குச் சாட்சியா எடுத்துக்காதீங்கம்மா. உள்கதவுக்கு முன்னால உக்காருன்னு என்னை அனுப்புனாங்க. இவங்க சார்னு கூப்பிட்டாங்க, ஃபேன் போட்டாங்க, நான் இங்க வந்து உக்காந்துட்டேன். பேப்பர் படிச்சேன். காத்து சுகமா இருந்துச்சு, கொஞ்ச நேரம் கண்ணசந்தும் இருப்பேன். நான் அன்னைக்கு இங்க இல்லைன்னு எழுதிக்குங்க. உள்ள இருந்த பையன் சொல்றதை எழுதிக்குங்க."

 அந்த அம்மா எழுதிக்கொண்டார். வக்கீலம்மா தலையைக் குனிந்துகொண்டாள். ஊர் முழுக்க மரியாதையோடு சொல்லப்பட்ட ஒரு பெயரை அவரே தன் வாயால் துடைத்துப் போட்டதைப் பார்க்க யாருக்கும் தெம்பு இல்லை.

முடிவு ஒன்றும் இடி விழுந்தது மாதிரி வரவில்லை. கண்டக்டரின் பேச்சைப் போலீஸுக்குச் சாதகமாக எடுக்க முடியாது என்றும், பையனின் வாக்குமூலமும் டாக்டரின் சான்றும் ஒத்துப்போகின்றன என்றும் அந்த அம்மா எழுதினார். அதிகாரியை வேறு ஊருக்கு மாற்றினார்கள். அங்கேயும் மரியாதையாகவே பேசுகிறார் என்று கேள்வி. பெஞ்சு பழைய இடத்துக்குப் போக வேண்டும் என்று உத்தரவு வந்தது. பையனின் விரல்களுக்கு எந்த உத்தரவாலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. அவன் அம்மா கண்டக்டரைத் தெருவில் பார்த்தால் எதிர்ப் பக்கம் போய்விடுவாள். அது நியாயம்தான் என்று அவருக்குத் தோன்றியது. நியாயமாக இருந்தால் மட்டும் வலிக்காதா?

வேறொரு பையனைப் பிடித்துப் போனதாகச் செய்தி வந்தபோது கண்டக்டர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். யாருக்கும் எந்த வாக்கும் கொடுக்கவில்லை. ஸ்டேஷனுக்குள் போனால் உள்கதவுக்கு எதிரே, பெஞ்சில் ஏற்கெனவே ஒரு ஆள். பிளம்பரின் அம்மா. வேலைக்குப் போகிற புடவையிலேயே வந்திருந்தாள். பிடிபட்ட பையன் அவளுக்குச் சொந்தமும் இல்லை, தெரிந்தவனும் இல்லை. கண்டக்டர் தயங்கி நின்றார். அவள் அவரை நிமிர்ந்து பார்க்காமல் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.

"நீங்க கதவைப் பாருங்க" என்றாள். "கேக்குற வேலையை நான் பாத்துக்கறேன்."

கண்டக்டர் உட்கார்ந்து கதவைப் பார்த்தார்.