மூன்று வோல்ட் மோட்டார்

அந்த மோட்டாரின் முதுகில் மூன்று வோல்ட் என்று போட்டிருந்தது. இப்போது எண்ணெய் பட்டு அந்த எழுத்து பாதி அழிந்துவிட்டது. அன்று அது என் சகலைக்கு வேதவாக்கு. என் மனைவியின் தங்கையைக் கட்டியவர் அவர். துறைமுகத்துப் பட்டறை ஒன்றில் பல வருடம் உலோகத்தைச் செதுக்கும் மில்லிங் மெஷின் ஓட்டியவர். மெஷினில் பதித்திருக்கும் விவரத் தட்டில் எழுதியிருப்பதைத் தாண்டி ஓர் அடி வைக்க மாட்டார். சொந்தமாகவும் ஒரு சின்ன மெஷின் வாங்கி, பண்டமாரான் ஊரில் இருந்த தன் வீட்டின் கார் நிறுத்துமிடத்தில் வைத்திருந்தார். பக்கவாதம் வந்து வலது கை விழுந்த பிறகு அது சும்மா கிடந்தது. வெட்டும் துண்டை வைக்கும் மேசையை நகர்த்தச் சக்கரத்தைச் சுற்ற வேண்டும், அதற்குக் கை வேண்டுமே.

மச்சினி அதைக் காஜாங் ஊர்க்காரர் ஒருவருக்கு விலை பேசிவிட்டாள். தீபாவளி முடிந்ததும் வந்து ஏற்றிக்கொள்வதாக ஏற்பாடு. சகலை மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. வாய்ச்சண்டைக்குப் பேர்போன மனிதர் பேசாமல் இருந்தது எனக்குப் பயமாக இருந்தது. நான் பிரிக்ஃபீல்ட்ஸில் போட்டோஸ்டாட் மெஷின் பழுது பார்க்கிறவன். அதற்குள்ளே காகிதத்தைச் சிறு சிறு எட்டாக நகர்த்துவது ஸ்டெப்பர் மோட்டார்தான். அதில் பெரிதாக ஒன்று வாங்கிச் சக்கரத்துக்குப் பதில் மாட்டி, கம்ப்யூட்டரில் ஓட்டலாம் என்றேன்.

மோட்டாரின் தட்டு சொன்னபடி மூன்று வோல்ட்தான் கொடுத்தோம். மேசை நத்தை மாதிரி ஊர்ந்தது. வேகத்தைக் கூட்டினால் மோட்டார் முனகிக்கொண்டு நின்றுவிடும். கொஞ்சம் கூடுதல் வோல்ட் கொடுத்து நடுவே கரண்டை மட்டுப்படுத்தும் பெரிய ரெசிஸ்டர் வைத்துப் பார்த்தேன். சற்று தேவலை, ஆனால் ரெசிஸ்டரில் தோசை வார்க்கலாம் போலச் சூடு. அதற்குள் இன்னொரு வில்லங்கம். மேசை போய்ச் சேர்ந்துவிட்டதாகத் திரை காட்டியது. மேசையோ பாதி வழியில் நின்றது. நகரச் சொல்வதோடு கம்ப்யூட்டரின் வேலை முடிந்தது. நகர்ந்ததா என்று அது கேட்பதில்லை.

சகலை அதையே பார்த்துக்கொண்டிருந்தார். “என் கையும் இப்படித்தான் சகல. தூக்கிட்டேன்னு நெனைச்சுக்கிறேன். பார்த்தா அங்கேயே கெடக்குது.”

நான் ரெசிஸ்டரைக் கழற்றி வைத்தேன்.

விசாரித்ததில் மோட்டாருக்குக் கரண்டு ஊட்டும் சாப்பர் டிரைவர் என்ற கருவி ஒன்று கிடைத்தது. முப்பத்தாறு வோல்ட் கொடுக்கும். மோட்டாரின் கம்பிச் சுருளில் நாம் வைத்த அளவுக்குக் கரண்டு ஏறியதும் வெட்டிவிடும், இறங்கினால் மறுபடி கொடுக்கும். வேகமாக ஓடும்போது கரண்டு ஏற நேரம் போதாது. வோல்ட் அதிகம் இருந்தால்தான் சட்டென்று ஏறும். சகலை ஒப்புக்கொள்ளவே இல்லை. மூன்றுக்கு முப்பத்தாறா, எரிந்து போகும் என்று பழைய குரலில் சண்டை பிடித்தார். அந்தக் குரலைக் கேட்டதில் எனக்கு உள்ளூரச் சந்தோஷம். கடைசியில் மோட்டாரைத் திருப்பி, வோல்ட்டுக்குக் கீழே இருந்த ஆம்பியர் கணக்கைக் காட்டினேன். டிரைவரை அந்த அளவுக்கு வைத்தால் போதும்.

“அப்ப இதைத்தான் தாண்டக் கூடாதா?” என்றார். தட்டை மீறவில்லை என்பதில் அவருக்கு நிம்மதி. “சரி, போடு லா.”

மேசை ஓடியது. சொன்ன இடத்தில் நின்றது. இடது கையால் பட்டனைத் தட்டி, பக்கத்து வீட்டுக்காரரின் காவடிச் சட்டத்துக்கு ஓர் அலுமினியத் துண்டு வெட்டினார். அளந்து பார்த்து, சரியாக இருக்கிறது என்று மட்டும் சொன்னார். மச்சினி வாசலில் நின்று பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

தீபாவளி கழிந்து காஜாங்காரர் லோரியோடு வந்தார். சகலை மெஷினை விட்டுத் தலை நிமிரவில்லை. என்ன சொல்லி அனுப்புவது என்று நான் யோசிப்பதற்குள் மச்சினி வாசல் கேட்டுக்குப் போய்விட்டாள்.

“மெஷின் விக்கல அண்ணே. ஏதாச்சும் வெட்டணும்னா சாமானைக் குடுத்துட்டுப் போங்க. எங்க வீட்டுக்காரர் வேலையா இருக்காரு.”