அமுதாவுக்கு அண்ணன் கொடுத்தது

போன ஞாயிற்றுக்கிழமை தேக்கா சந்தையில் அமுதாவைப் பார்த்தேன். முகத்தில் மாஸ்க். தலையில் இப்போதுதான் வளரத் தொடங்கியிருக்கும் குட்டை முடி. மீன்கடைக்காரரிடம், இந்த வௌவால் மீன் நேற்று வந்ததா இன்று வந்ததா என்று விடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். பின்னால் அவளுடைய அண்ணன் செல்வம், பையைத் தூக்கிக்கொண்டு பொறுமையாக நின்றார்.

மீனுக்காக மல்லுக்கட்டும் ஒரு பெண்ணைப் பார்த்து எனக்கு ஏன் கண் கலங்க வேண்டும்? சொல்கிறேன்.

அமுதா எங்கள் அடுக்குமாடி புளோக்கில் இரண்டு மாடி கீழே இருப்பவள். என்னைவிட ரொம்ப இளையவள். அதனால் 'அவள்' என்றே எழுதுகிறேன், கோபித்துக்கொள்ள மாட்டாள். பாலர் பள்ளி ஆசிரியை. கல்யாணம் வேண்டாம் என்று முடிவெடுத்தவள். யாருக்கும் அதற்கு விளக்கம் சொல்ல வேண்டிய அவசியமில்லை என்றும் முடிவெடுத்தவள். செல்வம் ஏர்கான் பழுது பார்ப்பவர். வேனும் ஏணியுமாகத் தீவு முழுக்கச் சுற்றுவார். மனைவி, பிள்ளைகள் என்று அவருக்குத் தனிக் குடும்பம் இருக்கிறது. ஆனால் அப்பா அம்மா போன பிறகு, தங்கைக்குத் தும்மல் வந்தால்கூட வேன் எங்கள் புளோக்குக்குக் கீழே வந்து நின்றுவிடும்.

சில ஆண்டுகளுக்கு முன்பு அமுதாவுக்கு வந்தது தும்மல் இல்லை. ரத்தப் புற்றுநோய்.

கீமோ கொடுத்தார்கள். அதன் பிறகு, எலும்புக்குள்ளிருந்து ரத்தத்தை உருவாக்கும் வேறொருவருடைய ஸ்டெம் செல்களை ஏற்ற வேண்டும் என்றார்கள். செல்வத்துடையது பொருந்தியது. மனிதர் என்ன செய்தார் தெரியுமா? மாதுளை ஜூஸாகக் குடித்துத் தள்ளினார். இருபது வருடமாகப் பிடித்த சிகரெட்டை விட்டார். இரண்டு கையிலும் ஊசியோடு, ரத்தத்திலிருந்து செல்களைப் பிரித்தெடுக்கும் இயந்திரத்தின் பக்கத்தில் பாதி நாள் அசையாமல் படுத்திருந்து, தன்னுடைய செல்களைக் கொடுத்துவிட்டு வந்தார்.

அது வேலை செய்தது. அமுதாவின் ரத்த வகையே மாறிவிட்டது. அதுவரை பி, அதற்குப் பிறகு அண்ணனுடைய ஓ. பாலர் பள்ளிக்குத் திரும்பினாள். எல்லாம் முடிந்தது என்றுதான் நாங்கள் நினைத்தோம்.

ஒரு வருடம் கழிந்து நோய் திரும்பி வந்தது.

அமுதா அழுதாள், இரண்டு நாளில் எழுந்துவிட்டாள். எழாதவர் செல்வம்தான். தான் கொடுத்தது மட்டமான சரக்கு என்று அவருக்குள் ஓர் எண்ணம் விழுந்துவிட்டது. இருபது வருடப் புகை என் எலும்புக்குள் இருந்திருக்கும், அதைத்தான் தங்கச்சிக்குக் கொடுத்துவிட்டேன் என்றார். டாக்டர் பொறுமையாக விளக்கினார். திரும்பி வந்தது அமுதாவின் உடம்பில் எங்கோ ஒளிந்திருந்த பழைய புற்றுநோய்ச் செல்தான், இவர் கொடுத்ததில் எந்தக் குறையும் இல்லை என்று. செல்வம் தலையாட்டினார். நம்பவில்லை. நம்மில் பலர் அப்படித்தானே... குற்றம் நம்முடையது இல்லை என்று ஆயிரம் பேர் சொன்னாலும், அந்த ஆயிரத்தில் நாம் இருக்க மாட்டோம்.

அதற்குப் பிறகு அவர் தங்கையின் வீட்டுக்குள் வருவதில்லை. சாப்பாட்டுப் பையைக் கதவில் மாட்டிவிட்டுப் போய்விடுவார். மருத்துவமனைக்கு வேனில் கூட்டிப்போவார், ஆனால் கார்பார்க்கிலேயே உட்கார்ந்துகொள்வார். டாக்டரின் அறைக்குள் அமுதாவோடு போனது நான்தான்.

அங்கேதான் 'கார்-டி செல் சிகிச்சை' என்ற பெயரை முதல்முதலாகக் கேட்டேன். கார் என்றதும் என் மனம் நேரே ரோட்டுக்குப் போனது, உண்மையைச் சொல்லிவிடுகிறேனே.

டாக்டர் இளம் சீனப் பெண். படம் போட்டுக் காட்டினார். நம் ரத்தத்தில் 'டி' செல்கள் என்று சில காவல்கார அணுக்கள் இருக்கின்றன. கிருமியைக் கண்டால் அழிப்பதுதான் அவற்றின் வேலை. ஆனால் புற்றுநோய்ச் செல், சொந்தக்காரன் மாதிரி வேஷம் போட்டு அவற்றிடமிருந்து தப்பிவிடும். அதனால் அந்த டி செல்களை வெளியே எடுத்து, ஆய்வுக்கூடத்தில் அவற்றின் மரபணுவில் ஒரு மாற்றம் செய்து, புற்றுநோயை அடையாளம் காணும் திறனைக் கொடுக்கிறார்கள். பிறகு அவற்றைப் பெருக்கி, நோயாளியின் உடம்புக்கே திருப்பி அனுப்புகிறார்கள். எல்லாருக்கும் பலிக்கும் என்ற உத்தரவாதம் இல்லை. பலித்தவர்களிலும் சிலருக்கு நோய் திரும்பலாம். அதையும் அவர் மறைக்காமல் சொன்னார்.

அப்படியானால் என்னுடைய செல்லே என்னைக் காப்பாற்றுமா என்று அமுதா கேட்டாள்.

டாக்டர் புன்னகைத்தார். இப்போது உங்கள் ரத்தத்தில் இருக்கும் டி செல்கள் உண்மையில் உங்களுடையவை இல்லை, உங்கள் அண்ணன் கொடுத்ததிலிருந்து வளர்ந்தவை என்றார். நாங்கள் எடுக்கப்போவதும் அவற்றைத்தான்.

 வெளியே வந்ததும், அமுதா லிஃப்ட் பக்கத்தில் என் கையைப் பிடித்தாள்.

"அக்கா, இத அண்ணன்கிட்ட சொல்லிடாதீங்க."

எனக்குப் புரியவில்லை. அவர் சந்தோஷப்படுவாரே என்றேன்.

"இதுவும் சரியா வரலன்னா? ஒரு தடவை தோத்ததையே இன்னும் தூக்கிட்டு அலையுறாரு. ரெண்டாவது தடவையும் அவரு தலையில வைக்க முடியாதுக்கா. தோத்தா, அது என் செல்லாவே இருக்கட்டும்."

தன் உயிர் ஊசலாடும்போது அண்ணனின் மனசைப் பற்றி யோசிக்கிறாள். நான் சரி என்றேன். வாராவாரம் இந்தப் பத்தியில் ஊருக்கே கதை சொல்கிறவளிடம் ரகசியத்தைக் கொடுத்தால் என்ன ஆகும்? 

அமுதாவின் ரத்தத்திலிருந்தே செல்களை எடுத்துச் செய்யும் சிகிச்சை என்று மட்டும் செல்வத்திடம் சொன்னோம். செல்களை எடுத்தார்கள். வெளிநாட்டிலுள்ள ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார்கள். வாரக்கணக்கில் காத்திருந்தோம். திரும்பி வந்தபோது அது ஒரு சின்னப் பை. சொட்டுச் சொட்டாக இறங்கிச் சீக்கிரமே முடிந்துவிட்டது. இதற்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று நினைத்தேன்.

சில நாளில் காய்ச்சல் ஆரம்பித்தது. ரத்த அழுத்தம் இறங்கியது. இந்தச் சிகிச்சையில் சிலருக்கு மூளையும் கொஞ்சம் குழம்புமாம். அதைக் கண்டுபிடிக்க, தாதி தினமும் ஒரு தாளைக் கொடுத்து ஒரு வாக்கியம் எழுதச் சொல்வார். அன்று காலை அமுதாவால் எழுத முடியவில்லை. எத்தனையோ பிள்ளைகளின் விரலைப் பிடித்து எழுதப் பழக்கியவள், பேனாவை என்ன செய்வது என்று தெரியாமல் விழித்தாள். தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோனார்கள்.

செல்வத்துக்கு ஃபோன் செய்தேன். அன்று அவர் கார்பார்க்கில் நிற்கவில்லை. வேலை உடையோடு, முழங்கையில் தூசியோடு மேலே ஓடி வந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் படுத்திருந்த தங்கையைப் பார்த்தபடி, "இதுவும் போச்சாக்கா?" என்று கேட்டார்.

காய்ச்சல் வருவது பெரும்பாலும் செல்கள் வேலையை ஆரம்பித்துவிட்டதற்கு அடையாளம், அதை அடக்குவதற்கு மருந்து கொடுத்திருக்கிறார்கள் என்று டாக்டர் சொன்னதைச் சொன்னேன். அவர் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது.

"அவளோட செல்லு லா, அக்கா. அடம் பிடிச்சு நிக்கும்."

 என் வாழ்க்கையில் நான் வாயை மூடிக்கொண்டிருந்ததிலேயே கஷ்டமான நேரம் அதுதான்.

மருந்து பலித்தது. காய்ச்சல் இறங்கியது. குழப்பமும் மெல்லத் தெளிந்தது. ஒருநாள் தாதி கொடுத்த தாளில், கோணல் மாணலாக, 'எனக்குக் கஞ்சி பிடிக்கவில்லை' என்று தமிழில் எழுதினாள். அந்த ஃபிலிப்பினோ தாதிக்கு நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு டாக்டரைக் கூப்பிடப் போனார்.

ஒரு மாதம் கழித்து எலும்பு மஜ்ஜையைப் பரிசோதித்தார்கள். புற்றுநோய் தென்படவில்லை. குணமாகிவிட்டது என்ற வார்த்தையை டாக்டர் சொல்லவில்லை. இன்னும் நீண்ட நாள் கவனிக்க வேண்டும், கிருமித் தொற்று வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார். ஆனால் அவர் கண் சிரித்தது. எங்களுக்கு அது போதும்.

கீழே வந்தோம். செல்வம் வேனை ஸ்டார்ட் செய்திருந்தார். அமுதா முன்னால் ஏறினாள், நான் பின்னால். முடிவைச் சொன்னதும் அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கண்ணை மூடிப் பிள்ளையாரை நினைத்துக்கொண்டார். அப்போது அமுதா, டாக்டர் முன்பு சொன்னதையெல்லாம் ஒன்றுவிடாமல் நிதானமாகச் சொன்னாள். யாருடைய செல் என்பதை.

செல்வம் எஞ்சினை நிறுத்தினார். விளங்காதவர் போல என்னைத் திரும்பிப் பார்த்தார். உண்மைதான் என்று தலையாட்டினேன்.

"ஏன் அப்பவே சொல்லல?"

"தோத்திருந்தா நீ தாங்கியிருக்க மாட்டண்ணே."

அவர் கதவைத் திறந்து இறங்கினார். ஒரு தூணுக்குப் பக்கத்தில் போய், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். தோள் குலுங்குவது தெரிந்தது. நாங்கள் கூப்பிடவில்லை. கொஞ்ச நேரத்தில் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"அப்ப... நான் குடுத்தது வீணாப் போகலியா?"

"இல்லண்ணே. கொஞ்சம் படிக்க அனுப்பி வச்சாங்க, அவ்வளவுதான். நம்ம குடும்பத்துல ஓவர்சீஸ் போய்ப் படிச்சிட்டு வந்தது உன் செல்லுங்க மட்டும்தான்."

செல்வம் சிரித்தார். நோய் திரும்பிய நாளிலிருந்து அப்படி ஒரு சிரிப்பை அவரிடம் நான் கேட்டதில்லை. பிறகு, சீட் பெல்ட்டைப் போடு என்று தங்கையை அதட்டிவிட்டு வேனை எடுத்தார்.

தாங்கள் கொடுத்தது என்ன ஆனது என்று கொடுத்தவர்களுக்குப் பெரும்பாலும் தெரிவதே இல்லை — உங்களுக்குத் தெரிந்தால், தயவுசெய்து அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.