பத்து நிமிஷம் ஃபாஸ்ட்

வைத்தியர், வளையல்காரர், கை ஜோசியக்காரர், இவங்களுக்கு அப்புறம் முன்ன பின்ன தெரியாதவங்க கையைத் தைரியமா பிடிக்கிற தொழில் ஒண்ணு உண்டுன்னா, அது ஸ்மார்ட் வாட்ச் கட்டி விடுற எங்க தொழில்தான்.

ஆவடி மார்க்கெட் பக்கத்துல ஒரு செல்போன் கடை. கண்ணாடி கவுண்டருக்குப் பின்னால ஸ்டூல் போட்டு உக்காந்திருக்கிற ஸ்டெல்லா நான்தான். வாட்சை விக்கிறது எங்க ஓனர் பாய். அதைக் கையில கட்டி, போனோட சேத்து வச்சு, "இதுல நாடி பாக்கலாம், நடந்த அடி எண்ணலாம், தூங்கினதை அளக்கலாம், தலகாணிக்கு அடியில போன போனைக் கத்த விட்டுக் கண்டுபிடிக்கலாம்"னு பாடம் எடுக்கிறது என் வேலை. நீங்களும் ஒண்ணு கட்டியிருப்பீங்க. 'தண்ணி குடி, தண்ணி குடி'ன்னு அது மணிக்கட்டைப் பிடிச்சு உலுக்கும்போது, மாமியாரே தேவலைன்னு நினைச்சிருப்பீங்க. நம்ம கஷ்டம் நமக்குத்தானே தெரியும்!

மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல கடையில ஈ ஓட்டிகிட்டு இருப்போம். காட்டுறதுக்காக வச்சிருக்கிற வாட்சுங்க கவுண்டர்ல வரிசையா கிடக்கும். ஒவ்வொண்ணுக்கும் அடியில பச்சை வெளிச்சம் விட்டு விட்டு எரியும், கையே இல்லாம யாருக்கோ நாடி பாக்கிற மாதிரி. அதையே பாத்துகிட்டு உக்காந்தா என் மனசு எங்கேயோ போயிடும். இதெல்லாம் அந்த மயக்கத்துல ஞாபகம் வந்ததுதான். முன்ன பின்ன இருந்தா பொறுத்துக்குங்க.

அமுதா கேட்டது

அமுதா சேக்காட்டுக்காரி. அம்பத்தூர் எஸ்டேட்ல ஒரு துணிக் கம்பெனியில, தைச்ச சட்டையில நூல் பிரிஞ்சிருக்கா, பட்டன் சரியா இருக்கான்னு பாக்கிற வேலை. பெரிய பொண்ணு முதல் சம்பளத்துல வாங்கிக் குடுத்த வாட்சைக் கட்டிகிட்டு வந்து நின்னா. "இதை ஒரு பத்து நிமிஷம் ஃபாஸ்ட்டா வச்சுக் குடுக்கா"ன்னா. "இது போனைப் பாத்து மணியை எடுத்துக்கும், நம்ம இஷ்டத்துக்குத் திருப்ப முடியாது. எதுக்கு ஃபாஸ்ட்டு? எங்க வீட்டுக் கடிகாரமெல்லாம் ஒரு செகண்டு தப்பாது, தெரியுமா"ன்னு நான் பெருமை வேற அடிச்சுகிட்டேன்.

அவ வீட்டுச் சுவர்க் கடிகாரம் பல வருஷமா பத்து நிமிஷம் ஃபாஸ்ட். ஃபாஸ்ட்னு வீட்ல எல்லாருக்கும் தெரியும், எவ்வளவு ஃபாஸ்ட்னு அவளுக்கு மட்டும்தான் தெரியும். போனைப் பாத்தா தெரியாதான்னு கேக்காதீங்க. காலையில அந்த வீட்ல யாரும் மணி பாக்கிறதில்ல, "மணி என்னாச்சு?"ன்னு அவளைத்தான் கேப்பாங்க. சுவர்ல ஏழு இருபது ஆனா பையைத் தூக்கிகிட்டுக் கிளம்பிடுவா. நிஜத்துல ஏழு பத்து. ஸ்டேஷனுக்குப் போனா வண்டி வர இன்னும் பத்து நிமிஷம் இருக்கும். பிளாட்பாரத்துல கடைசி பெஞ்சுல உக்காருவா. "உக்காந்து என்ன பண்ணுவே?"ன்னு கேட்டேன். "ஒண்ணும் பண்ண மாட்டேன்"னு சொல்லும்போது அவ முகத்துல வந்த சிரிப்பை நீங்க பாத்திருக்கணும்.

வாட்ச் வந்த அன்னிக்கே பொண்ணு அதைப் பாத்துச் சுவர்க் கடிகாரத்தைச் சரி பண்ணிட்டா. குட்டு வெளிப்பட்டுப் போச்சு. இனிமே சுவர்ல தள்ளி வச்சாலும் வாட்ச் காட்டிக் குடுத்துடும். இப்ப ஏழு பத்துக்குச் செருப்பு மாட்டினா, "இன்னும் பத்து நிமிஷம் கீதே, ரெண்டு தோசை ஊத்திட்டுப் போ"ங்கிறாராம் புருஷன். மாமியாருக்கு மாத்திரை, சின்னவனுக்குச் சட்டை இஸ்திரி. ஓடிப் போய் வண்டியைப் பிடிக்கிறதோட சரி, பெஞ்சைத் திரும்பிப் பாக்கக்கூட நேரமில்ல. அவ கையைப் பிடிச்சுகிட்டே இதையெல்லாம் கேட்டேன். அவ சொன்னது அப்படியே:

"பொண்ணு ஆசையா வாங்கியாந்தது, கயட்டவும் மனசு வர்ல. ஆனா அந்தப் பத்து நிமிஷம் என்னுதுக்கா. எனக்குன்னு கீறது அது ஒண்ணுதான்."

வெள்ளரிக்காயின் நாடி

கடை வாசல்ல தள்ளுவண்டி போட்டிருக்கிற கன்னியம்மாவுக்கும் எங்களுக்கும் நிழல் விஷயத்துல எப்பவும் தகராறு. ஒருநாள் பட்டாபிராம்ல இருந்து ஒரு தம்பி வந்தார். இதயத் துடிப்பு காட்டுறதெல்லாம் பொய், வீடியோவுல பாத்தேன்னு ஒத்தைக் கால்ல நின்னார். வெளியே போய் கன்னியம்மா வண்டியில இருந்து ஒரு வெள்ளரிக்காயை எடுத்துகிட்டு வந்து, அதுக்கு வாட்சைக் கட்டினார்.

பச்சை வெளிச்சம் எரிஞ்சுது. எழுபத்தெட்டுன்னு காட்டிச்சு. பாய் நெத்தியில அடிச்சுகிட்டார், வியாபாரம் போச்சு. எனக்கு மட்டும் கண்ணை எடுக்க முடியல. அமைதியா, பதட்டமே இல்லாம, எழுபத்தெட்டு! எனக்கே காலையில தொண்ணூறுக்குக் கீழ வராது. காயைத் திருப்பி வாங்க வந்த கன்னியம்மா எட்டிப் பாத்துட்டு இடுப்புல கை வச்சுகிட்டுச் சொன்னா:

"காலீல பறிச்சதுன்னு தலபாடா அட்ச்சிகினேன், ஒருத்தனாவது நம்புனானா? பாரு, இன்னும் உசுரோட கீது!"

பின்னால் கட்டிய கை

ஃபேக்டரி குவார்ட்டர்ஸ் பக்கத்துல இருந்து ஒரு பெரியவர் வருவார். திண்டுக்கல் பக்கத்துக்காரர், ஃபேக்டரியில சூப்பர்வைசரா இருந்து ரிட்டயர் ஆனவர். தினம் ஒரு மணி நேரம் நடந்தும் வாட்ச் இருநூறு அடிதான் காட்டுதுன்னு சண்டைக்கு வந்தார். டீக்கடை வரைக்கும் நடந்து காட்டுங்க சார்னேன். ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னால கோத்துகிட்டு, லேசா குனிஞ்சு, வலது பக்கம் பூக்கடை, இடது பக்கம் டயர் கடைன்னு ஒவ்வொண்ணா ஆய்வு பண்ணிகிட்டே போனார். கை ஆடினாத்தானே வாட்ச் அடியை எண்ணும்? இவர் கை சிலை மாதிரி இருந்துது.

கையை வீசி நடங்கன்னு எவ்வளவோ கெஞ்சினேன், மசியல. கடைசியில அந்த வாட்ச் அவர் பேன்ட் பாக்கெட்டுல உக்காந்து வாக்கிங் போக ஆரம்பிச்சுது. கையை ஏன் வீச மாட்டேன்னதுக்கு அவர் தந்த விளக்கம் இது:

"முப்பது வருசம் இப்படித்தான் மெசின் மெசினா பாத்துக்கிட்டு நடந்தேன். இப்பக் கையை வீசுனா ரிட்டயர் ஆயிட்டேன்னு தெருவுக்கே தெரிஞ்சிரும்லம்மா?"

வருங்காலத்தில் இருந்து ஒரு மெசேஜ்

அமுதாவுக்காக மூளையைக் கசக்கினேன். வாட்ச் போனைப் பாத்துத்தானே மணி எடுக்குது, அப்ப போனையே ஏமாத்திட்டா? அவ போன்ல தானா மணி எடுக்கிறதை நிறுத்திட்டு, பத்து நிமிஷம் தள்ளி வச்சேன். வாட்சும் கூடவே தாவிச்சு. ரெண்டு பேரும் பரீட்சையில காப்பி அடிச்சவங்க மாதிரி சிரிச்சுகிட்டோம். இனிமே நான்தான் உங்களுக்கெல்லாம் பத்து நிமிஷம் முன்னால வாழுறேன்னு குதிச்சுகிட்டே போனா.

மூணே நாள். மளிகைக் கடையில போன் மூலமா பணம் போகல, 'உங்கள் கருவியின் நேரம் சரியில்லை'ன்னுச்சாம். அப்புறம் ரயில் நிக்குதுன்னு எடுத்த போட்டோவைப் பொண்ணுக்கு அனுப்பியிருக்கா. பொண்ணு பாத்தா, இன்னும் வராத நேரத்துல அம்மா எடுத்த போட்டோ! 'ஐயோ பாவம், அம்மா போன் கெட்டுப் போச்சு'ன்னு உருகி, சாயங்காலமே எல்லாத்தையும் சரி பண்ணிக் குடுத்துட்டா. அதோட விட்டாளா, இனிமே யாரும் மாத்த முடியாதபடி ஏதோ பூட்டும் போட்டுட்டா. இதைச் சொல்ல வந்த அமுதா கவுண்டர்ல முழங்கையை ஊனிகிட்டு அந்தப் பச்சை வெளிச்சங்களைப் பாத்தா. அப்புறம் சொன்னா:

"எங்க ஊட்ல எல்லாருக்கும் ரொம்ப நல்ல மனசுக்கா. அதான் கஸ்டமே."

தூக்கத்தில் பெயில்

தூங்கினதுக்கு மார்க் போடுற விஷயத்தை நான் சாதாரணமா கடைசியிலதான் சொல்லிக் குடுப்பேன். நல்லாத் தூங்கிகிட்டிருந்தவங்களும் அதுக்கப்புறம் முழிச்சுகிட்டே படுத்திருக்காங்க. பாரிவாக்கத்துல இருந்து ஒரு காலேஜ் தம்பி வந்தார். எட்டு மணி நேரம் அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கியிருக்கார். வாட்ச் முப்பத்தெட்டு மார்க்தான் குடுத்திருக்கு. படத்தை என்கிட்ட காட்டினார். மலையும் பள்ளமுமா நீலக் கலர்ல ஒரு கோடு. ஒருத்தரோட ராத்திரியை இப்படிக் கையில வச்சுப் பாக்கிறது எனக்கு இப்பவும் கூச்சமாத்தான் இருக்கு. அந்தப் பள்ளத்துல என்ன கனவு கண்டாரோ! அவருக்கு அந்தக் கவலையெல்லாம் இல்ல:

"ஏற்கெனவே மூணு அரியர் கீதுக்கா. தூக்கத்துலயாவது பாஸாவேன்னு பாத்தேன்!"

உடனே கிளம்பவும்

அந்தத் தம்பி போனப்புறம்தான் எனக்கு உறைச்சுது. தூங்கினது தனக்கே தெரியும், ஆனாலும் வாட்ச் பெயில்னு சொன்னா நம்புறாரு! அமுதா மணியைத் திருத்தவே வேண்டியதில்லையே. அடுத்த தடவை அவ வந்தப்போ, வாட்ச்ல தினம் ஏழு பத்துக்கு ஒரு நினைவூட்டல் வச்சேன். கை நடுங்கும், திரையில சிவப்பா எழுத்து வரும்: 'உடனே கிளம்பவும்.' அவ்வளவுதான். வீட்ல யார்கிட்டயும் எதுவும் விளக்கம் சொல்லாதே, கையை மட்டும் நீட்டிக் காட்டுன்னேன். பயந்துகிட்டேதான் போனா. எனக்கும் அன்னிக்கு வேலையே ஓடல.

ஒரு வாரம் கழிச்சு வந்தா. தோசைக் கரண்டியோட நின்னுகிட்டிருந்தப்போ வாட்ச் நடுங்கியிருக்கு. கையை நீட்டியிருக்கா. மாமியார் எழுத்துக் கூட்டிப் படிச்சிருக்காங்க. புருஷன் கரண்டியை வாங்கிகிட்டாராம். "அம்மா, வாட்ச்சே சொல்லுது, போ போ"ன்னு பொண்ணு பையைத் தூக்கிக் குடுத்தாளாம். சொல்லும்போதே அவளுக்குக் கண்ணு கலங்கிடுச்சு, எனக்கும்தான்.

"நா வாய வுட்டு சொன்னா காதுல வாங்காதவங்க, கைல கட்டிகினது சொன்னா கேக்கறாங்கக்கா!"

கடைசி பெஞ்சு

அதோட முடிஞ்சுதுன்னு நினைச்சேன். பத்து நாள் கழிச்சு மறுபடி வந்தா. "வாட்சு பெஞ்சாண்ட வந்து வேற ஒரு தப்பு பண்ணுது. கடையில காட்ட முடியாது, நாளைக்கு நீயே வந்து பாரு"ன்னா. கடை பத்து மணிக்குத்தானே, சரின்னு காலையில ஸ்டேஷனுக்குப் போனேன்.

ஏழு இருபத்தஞ்சுக்கு அவ வந்தா. பக்கத்துல இடம் காட்டினா. உக்காந்தேன். பெஞ்சுக்கு மேல ஒரு தூங்குமூஞ்சி மரம். தண்டவாளத்துக்கு நடுவுல ஒரு நாய் யாரையும் பாக்காம நடந்து போச்சு. எதிர்ப் பக்கம் ஒரு கூட்ஸ் வண்டி, எங்க போறோம்னு மறந்து போன மாதிரி மெதுவா ஊர்ந்துது. பெட்டியை எண்ண ஆரம்பிச்சேன், நடுவுல விட்டுட்டேன், திரும்ப எண்ணணும்னு தோணல. மைக்குல யாரோ எந்த வண்டியோ எங்கேயோ வருதுன்னு சொன்னாங்க. அது நமக்கில்லன்னு இருந்துது. மரத்துல இருந்து ரோஸ் கலர்ல ஒரு பூ அமுதா மடியில விழுந்துது, அவ எடுக்கல. எத்தனை வருஷமா இந்த ஸ்டேஷன் வழியா போறேன், ஒரு நாளும் இங்க உக்காந்ததில்லையேன்னு எனக்கு அழுகையே வந்துடும் போல இருந்துது. இதுக்காகவா இவ இத்தனை நடை நடந்தான்னு அப்பத்தான் புரிஞ்சுது.

சரியா ஏழரை. டர்ர்ர்னு அவ கை நடுங்கிச்சு. எட்டிப் பாத்தேன். நாற்காலியை விட்டு ஒரு ஆள் எழுந்திருக்கிற படம். கீழ, 'வெகு நேரம் உட்கார்ந்திருக்கிறீர்கள். எழுந்து நடங்கள்.' விலை குறைஞ்ச வாட்ச். ஆளு உக்காந்திருக்கா ஓடுதான்னு பாக்கிற அறிவெல்லாம் அதுக்குக் கிடையாது. அரை மணிக்கு ஒருதரம் எல்லாரையும் எழுப்பி விடும். உடம்புக்கு நல்லதுன்னு நான்தான் எல்லாருக்கும் அதைப் பெருமையா சொல்லிக் குடுக்கிறது. அவ போனை வாங்கி, பட்டியல்ல அதைத் தேடி, அழுத்தி அணைச்சேன். இனிமே பேசாதுன்னேன். அமுதா வாட்சை ஒரு தடவை தடவிக் குடுத்துட்டு, காலை நீட்டிச் சாஞ்சுகிட்டா:

"எய்ந்திரு எய்ந்திருன்னு சொல்ல எனக்கு ஊட்லயே நாலு பேரு கீறாங்கக்கா. ஒக்காருன்னு சொல்ற வாட்சு வந்தா சொல்லு, என் காசுல நானே வாங்கிக்கறேன்."

வண்டி வந்துது, அவ ஏறிப் போனா, நான் இன்னும் கொஞ்சம் உக்காந்திருந்துட்டு வீட்டுக்கு வந்து ஸ்டூலைப் போட்டு ஏறி செகண்டு தப்பாத எங்க கடிகாரத்தைப் பத்து நிமிஷம் முன்னால தள்ளி வச்சேன், எவ்வளவு ஃபாஸ்ட்னு உங்களைத் தவிர யாருக்கும் தெரியாது.