மிங்கோ பிடித்த கயிறு

நம்பாதவர்கள் நம்பாமலே போகட்டும், எனக்கொன்றும் நஷ்டமில்லை. அந்தக் கயிற்றைப் பிடித்து நின்றவன் நான். உள்ளங்கையில் தழும்பு இன்னும் இருக்கிறது.

அமெரிக்காவில் வடக்கும் தெற்கும் அடித்துக்கொண்ட முதல் வருஷம். நான், ஐஷம், கரோலினாப் பண்ணை முதலாளி கிம்பிளிடமிருந்து ஓடிவந்த அடிமை. வடக்கத்திப் பீரங்கிக் கப்பல் ‘பெனலபி’யில் ஏறினால் விடுதலை என்று நினைத்தேன். ஆறு தெரிந்தவன் என்று ஆழம் பார்க்கும் வேலை கொடுத்தார்கள்.

என் பின்னாலேயே நீந்தி வந்தான் மிங்கோ, என் தங்கை புருஷன். கேப்டன் வெதர்பி என்ன செய்தார் தெரியுமா? ‘நானும் வடக்குப் பக்கம்தான்’ என்று கிம்பிள் சொல்லி வைத்த விருந்தைத் தின்றவராயிற்றே! மிங்கோவின் இரண்டு கையையும் சேர்த்துக் கட்டி, படகிலேற்றித் திருப்பி அனுப்பினார். ஆறு வளைகிற இடத்தில் கட்டிய கையோடு குதித்துவிட்டான். எழும்பவே இல்லை.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் கப்பல் அதே ஆற்றில் கிம்பிள் பண்ணைத் துறைக்குக் கிளம்பியது.

"துறை வர்ற வரைக்கும் ஆழத்தை ஒழுங்கா சொல்லுடா. கிம்பிளுக்கு நீதான் கிறிஸ்துமஸ் பரிசு" என்றார் கேப்டன்.

என்னை ஒப்படைக்கிற இடத்துக்கு நானே வழி சொல்ல வேண்டும்.

மாலை மூன்றரை. மூடுபனி. கயிற்று நுனியில் ஈயக்குண்டு. அதன் அடிக்குழியில் மாட்டுக்கொழுப்பு அப்பியிருப்போம். ஆற்றடியில் கிடப்பது அதில் ஒட்டிவரும். முதலில் வண்டல் வந்தது. அப்புறம் சிப்பித்தூள்.

வளைவு வந்தது.

வீசினேன். டுப்... இழுத்தேன். கொழுப்பில் மண்ணே இல்லை. விரல் தடம். இரண்டு கட்டைவிரல்கள், ஒட்டி ஒட்டி.

வழித்தெறிந்து புதுக்கொழுப்பு அப்பினேன். வீசினேன். மறுபடியும் அதே கட்டைவிரல்கள்... இப்போது நகக்கீறலோடு.

மூன்றாம் தடவை குண்டு மேலே வரவில்லை. கீழே யாரோ பிடித்திருந்தார்கள்.

"என்னடா, மீனா மாட்டிக்கிச்சு?" கேப்டன் சிரித்துக்கொண்டே வந்தார்.

"மிங்கோ பிடிச்சிருக்கான் ஐயா."

"செத்தவன் என்னத்தடா கிழிப்பான்? குடு இங்க."

கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டார். பின்முனை என் பிடியில்.

கயிறு தளர்ந்தது.

அவர் குனிந்து எட்டிப் பார்த்தார்.

ஒரே இழுப்பு...

என் உள்ளங்கையைக் கிழித்துக்கொண்டு கயிறு ஓடியது.

ஆளைக் காணோம்.

தண்ணீர்ச் சத்தம்கூட இல்லை...

கப்பல் மணி நாலு மணிக்கு அடித்தது.

துணை அதிகாரி இருட்டும்வரை தேடிவிட்டுக் கப்பலைத் திருப்பினார். நான் தப்பித்தேன். அழுதேன் என்று நினைக்காதீர்கள். "நல்லா வேணும்டா உனக்கு" என்று வாய்விட்டே சொன்னேன்.

மூன்று மாதம் கழித்து, கிம்பிள் வீட்டுச் சமையல்காரி டயானா அக்கா நான் தங்கியிருந்த வடக்கத்திப் படை முகாமுக்கு ஓடி வந்தாள். கிம்பிள் எப்படி இருக்கிறான் என்று கேட்டேன்.

"அவனா? கிறிஸ்துமஸுக்கு மொத நாளே போய்ச் சேர்ந்துட்டான் தம்பி. ஏழு மணிக்குச் சாப்பிட உக்காந்தான். துறையிலேர்ந்து ஒரு குரல். ‘கிம்பிள், உங்க ஆளைக் கொண்டாந்திருக்கேன், வந்து கூட்டிட்டுப் போங்க’ன்னு. லாந்தரை எடுத்துக்கிட்டு எறங்கினவன்தான். காலையில பொணமா மிதந்தான்."

"கூப்பிட்டது யாரு, மிங்கோவா?"

"மிங்கோ குரல் எனக்குத் தெரியாதா? அவன் இல்ல. உன் கேப்டன்தான் கூப்பிட்டாரு. விருந்துக்குப் பரிமாறினவளாச்சே நான்... ஆமா, அந்த மனுஷன் இப்ப எங்க இருக்காரு?"