பஞ்சாங்கம் நனைந்த சித்திரை முதல் நாள்

சித்தப்பா ரங்கூனிலிருந்து திரும்பியபோது ஒரு தகரப் பெட்டியும் ஒரு சித்தியும் வந்து இறங்கினார்கள். பெட்டியைப் பற்றி முன்பே கடிதத்தில் எழுதியிருந்தார். சித்தியைப் பற்றி எழுதவில்லை.

பர்மாவில் இருந்த நம்மவர்கள் கப்பல் கப்பலாகத் திரும்பிக்கொண்டிருந்த அறுபதுகளின் நடுப்பகுதி அது. கோட்டையூரில் எங்கள் வீட்டின் பின்கட்டு அறையை அப்பா அவர்களுக்கு ஒழித்துக் கொடுத்தார். ஆனால் பர்மாக்காரப் பெண்ணான சித்தியிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆறு மாதம் பேசவில்லை. பள்ளிக்கூடத் தலைமையாசிரியர் அவர். கேட்காமல் லீவு போடும் பிள்ளைகளையே மன்னிக்காதவர், கேட்காமல் கல்யாணம் செய்துகொண்ட தம்பியை எப்படி மன்னிப்பார்?

பங்குனிக் கடைசியில் சித்தப்பா அம்மாவிடம் வந்து நின்றார். சென்னையில் பர்மாவிலிருந்து திரும்பியவர்களுக்கு இடம் கொடுக்கிறார்களாம், சித்திரை பிறந்ததும் அங்கே போய்விடுகிறோம் என்றார். இரண்டு நாள் கழித்து அம்மா, இந்த வருஷப் பிறப்பைப் பெரிதாகக் கொண்டாட வேண்டும் என்று ஆரம்பித்தாள்.

"நம்ம ஊரு நல்ல நாளு எப்புடின்னு அவளும் ஒருதரம் பாக்கட்டும். தெருவுல உள்ளவுகளும் அவளப் பாக்கட்டும்" என்றாள். அப்பா மறுக்கவில்லை. மறுப்பதற்கும் சித்தியைப் பற்றிப் பேசியாக வேண்டுமே.

வீட்டை அலங்கரிக்கும் வேலை எனக்கும் சித்திக்கும். எனக்கு அப்போது ஒன்பது வயது. சித்திக்குத் தெரிந்த தமிழ் வார்த்தைகளில் பாதி, பாத்திரங்களின் பெயர். வண்ணத்தாளைப் பத்து மடிப்பாக மடித்து, கத்தரியால் அங்கும் இங்கும் நறுக்கி விரித்தாளானால் பூவலை ஒன்று தொங்கும். மாவிலைத் தோரணங்களுக்கு நடுவே அவற்றைக் கட்டினோம். மாக்கோலம் மட்டும் அவள் கைக்கு வசப்படவில்லை. அவள் இழுத்த கோணல் கோட்டையெல்லாம் அம்மா கொடியாக மாற்றிப் பூ வைத்தாள்.

சித்திரை முதல் நாள் காலை, அடுப்படியில் பால் பணியாரம், கந்தரப்பம், மாங்காய்ப் பச்சடி என்று மணந்துகொண்டிருந்தது. திருப்பத்தூரிலிருந்து முதல் பஸ்ஸில் அத்தை வந்துவிட்டாள். அப்பாவுக்கு மூத்தவள். தம்பிக்காக வந்தேன், இந்த வீட்டில் கை நனைக்க மாட்டேன் என்று வாசலிலேயே சொல்லிவிட்டாள்.

சித்தி என்னைத் தனியாக அழைத்து, "வெள்ளி, செம்பு" என்றாள். சாமிக்குத்தான் என்று நினைத்துப் பூஜை மாடத்திலிருந்து வெள்ளிச் செம்பை எடுத்துக் கொடுத்தேன். அதில் நீர் நிரப்பி மல்லிகையை மிதக்கவிட்டாள்.

கூடம் நிறையத் தெருக்காரர்கள். அப்பா பலகையில் உட்கார்ந்து, வழக்கம்போல் புதுப் பஞ்சாங்கத்தை உரக்க வாசித்தார். இந்த வருஷம் மூன்று மரக்கால் மழை என்று அவர் வாசித்த வேளையில் சித்தி அவர் முன்னால் வந்து நின்றாள். குனிந்து வணங்கினாள். தன் பாஷையில் என்னவோ சொன்னாள். பிறகு செம்பைச் சாய்த்து அவர் வலது தோளில் தண்ணீரை ஊற்றினாள்.

தண்ணீர் மார்பில் வழிந்து பஞ்சாங்கத்தின் மேல் விழுந்தது. அத்தை எழுந்துவிட்டாள்.

"வருசம் பொறந்த அன்னைக்கு இது என்ன அபசகுனம்" என்றாள்.

சித்தப்பா ஓடி வந்தார். "அண்ணே, அவுகளுக்கும் இப்பத்தான் வருசம் பொறக்குது. பெரியவுக தோள்ல தண்ணி ஊத்தி ஆசீர்வாதம் கேப்பாக. மொதல்ல பெத்த அப்பாவுக்குத்தான் ஊத்துவாக."

அப்பா துண்டைத் தேடவில்லை. மல்லிகை ஒன்று அவர் தோளில் ஒட்டியிருந்தது. சித்தியை நிமிர்ந்து பார்த்தார்.

"செம்புல இன்னும் தண்ணி இருக்காத்தா?"

அவர் அவளிடம் பேசிய முதல் வார்த்தை அது. சித்தப்பா அதைப் பர்மியப் பாஷையில் சொல்வதற்குள், அப்பா இடது தோளைத் திருப்பிக் காட்டினார். சித்தி மிச்சத் தண்ணீரையும் ஊற்றினாள். அவள் தலையில் கை வைத்து அவர் வாழ்த்தினார். தெருக்காரர் ஒருவர், மூணு மரக்கால்ல ஒண்ணு இப்பவே பெஞ்சிருச்சு என்றதும் கூடமே சிரித்தது. பிள்ளைகள் நாங்கள் கிணற்றடிக்கு ஓடி ஒருவரையொருவர் நனைத்துக்கொண்டோம். கேட்காமல் பூஜைச் செம்பை எடுத்ததற்கு அம்மா என்னைத் திட்டினாள், சிரித்துக்கொண்டே திட்டினாள்.

பந்தியில் சித்திக்கு இலையை அத்தைக்குப் பக்கத்தில் போடச் சொன்னார் அப்பா. அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் இரண்டாம் முறை பணியாரம் கேட்டு வாங்கினாள். சென்னைப் பேச்சை அதன்பின் யாரும் எடுக்கவில்லை. அடுத்த மாதமே சித்தப்பா காரைக்குடியில் ஒரு ரைஸ்மில்லில் வேலைக்குச் சேர்ந்தார்.

அந்தப் பந்தியில் நான் சித்திக்கு மறுபக்கம் உட்கார்ந்திருந்தேன். அவள் சிரித்துக்கொண்டேதான் சாப்பிட்டாள். ஆனால் கண்ணீர் நிற்காமல் இலையில் விழுந்தது. பச்சடியில் போட்ட வேப்பம்பூ கசக்கிறதாக்கும் என்று நினைத்து, என் இலையிலிருந்த வெல்லத்துண்டை அவள் இலைக்குத் தள்ளிவிட்டேன். அவள் அதை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

சித்திக்கும் ஒரு அப்பா இருப்பார், அன்று அதே வேளையில் அவர் தோள் நனையாமல் எங்கோ உட்கார்ந்திருப்பார் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. இன்னொரு தோளையும் திருப்பிக் காட்டிய என் அப்பாவுக்கு அது தோன்றியிருக்கிறது.