ஓசூருக்கு மாற்றலான குரல்

நான் ஒரு பொய் சொன்னேன். இவ்வுலகில் இல்லாத ஒரு பெண்ணை ஓசூருக்கு மாற்றலாக்கி அனுப்பினேன்.

கேட்டுவிட்டு நீங்கள் என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள்.

என் வேலை குரல் அமைப்பது. மனம் நொந்தவர்கள் போனில் பேசினால், ஆறுதலாகப் பதில் பேசும் கணினி ஒன்று. அது எங்கே நிறுத்த வேண்டும், எங்கே 'ம்' கொட்ட வேண்டும்... எல்லாம் என் பொறுப்பு. செல்வி என்று பெயரும் வைத்தோம். ஏற்காட்டு ஆஸ்பத்திரி மூலமாகச் சிலரிடம் சோதித்துப் பார்த்தோம். அவர்களில் ஒருவர் மைமூன் அக்கா. ஏரிக்குப் போகும் வழியில் மிளகும் காப்பித்தூளும் விற்பவர். கணவர் இறந்தபின் தூக்கமில்லாமல் தவித்தவர்.

முதலில் வைத்த குரல் செய்தி வாசிப்பதுபோல் இருந்தது. அதனிடம் அக்கா "நல்லாருக்கறனுங்க" என்பதோடு நிறுத்திக்கொண்டார். மேலதிகாரி என்மேல் எரிந்து விழுந்தார். எரிச்சலோடு உட்கார்ந்து எல்லாவற்றையும் மாற்றினேன். இந்தப் பக்கத்துப் பேச்சை வைத்தேன். மூச்சு வைத்தேன். லேசான செருமல்கூட வைத்தேன்! "ஏனுங்கக்கா, சாப்ட்டீங்களா" என்று அது கேட்ட அன்று, அவர் மனம் திறந்தார்.

பதிவுகளைக் கேட்டுக் குரலைத் திருத்துவதும் என் வேலைதான். ஆகவே கேட்டேன்.

"அவரு மவுத்தானப்ப எனக்கு அழுகையே வரலீங்க அம்மிணி. அப்பாடான்னு இருந்துச்சு. நொம்ப அடிப்பாரு. இதைய ஆருகிட்டயும் சொன்னதில்லீங்க."

அம்மிணி... அப்போதே புரிந்துவிட்டது. அவர் போனில் நான் இதைப் போட்டுக் கொடுத்த முதல் நாளே 'இது கம்ப்யூட்டர்' என்று சொல்லியிருந்தோம். கம்ப்யூட்டர் வழியாகப் பேசும் ஒரு பெண் என்று அவர் எடுத்துக்கொண்டிருக்கிறார். மேலதிகாரியிடம் சொன்னேன். "நல்லாத்தானே போகுது, விடுங்க" என்றார்.

அவரை விடுங்கள். கடை எனக்குத் தெரியும், அக்காவைத் தெரியும், போய்ச் சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை? நான் செய்த குரல் வென்றுவிட்டது என்ற கர்வம். வேறென்ன?

அந்த வாரமே சோதனை முடிந்தது. குரலை நிறுத்தினார்கள். சில நாளில் அக்கா என்னைக் கடைவீதியில் மறித்தார்.

"கண்ணு, செல்வி அம்மிணி ஏன் பேச மாட்டேங்குது? ஒடம்புக்கு முடியலையா?"

உண்மை நாக்கு நுனிவரை வந்தது. மஞ்சக்குட்டை ஊருக்குப் போகும் ஜீப் கிளம்பிக்கொண்டிருந்தது. அதைப் பிடிக்கும் அவசரத்தில், "ஓசூருக்கு மாத்திட்டாங்கக்கா" என்றேன். அவ்வளவுதான்.

அவ்வளவுதானா? பிறகு எங்கே கண்டாலும் விசாரிப்பு. ஓசூர்த் தண்ணி ஒத்துக்கிச்சா? மாப்பிள்ளை பார்க்கிறார்களா? நான் பதில் சொல்லச் சொல்ல செல்விக்குக் கல்யாணமே ஆகிவிட்டது! கடைப்பக்கம் போகாமல் சுற்றிப் போகத் தொடங்கினேன். சில நாள் அக்கா மீதே கோபம் பொங்கியது. ஏன் இந்த அம்மாள் இப்படி நம்பித் தொலைக்கிறார்? பேச வேறு ஆளே இல்லையா?... கேவலம். நம்பும்படி செய்தவளே நான்தான்.

போன வாரம் தூரத்திலிருந்து பார்த்தபோது கடை பூட்டியிருந்தது. நிம்மதியாகக் கடந்து போனேன். நேற்றும் பூட்டியிருக்கும் என்று அவ்வழியே போனேன். என்னைப் பார்த்ததும் அக்கா கடையை விட்டு இறங்கி வந்தார். முகம் வாடியிருந்தது.

"ஓசூருக்குப் போயிருந்தேன் கண்ணு. எத்தாம்பெரிய ஊரு. ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா ஏறி எறங்கிச் செல்வின்னு கேட்டேன். அப்படி ஆருமே இல்லைன்னுட்டாங்க."

"எதுக்குக்கா அவ்வளவு தூரம்?"

"அந்த அம்மிணிக்கு மட்டுந்தான் என்ர விசயம் தெரியும். சொன்னதுக்கப்புறம் பேச்சே இல்லை பாரு. என்னையத் தப்பா நெனச்சுருச்சோன்னு இருக்குது. ஒருக்கா நேர்ல பாத்துட்டா நிம்மதி."

அந்த விஷயம் அறிந்த ஒருத்தி எதிரிலேயே நிற்கிறேன்... தப்பாக நினைக்கவில்லை அக்கா, யாரும் நினைக்க மாட்டார்கள் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால், அது எனக்கு எப்படித் தெரியும் என்பதையும் சொல்லியாக வேண்டுமே.

அக்கா தன் போனை என்னிடம் நீட்டினார்.

"சரியான அட்ரஸ் வாங்கி இதுல போட்டுக் குடு கண்ணு. அடுத்த வாரம் மறுக்காப் போறேன்."

"கேட்டுச் சொல்றேன்கா" என்றேன்.