கண்ணாத்தாளுக்கு வேண்டாத பிறப்புப் பதிவு

தாலுக்கா ஆபீஸ் ரெக்கார்டு ரூம்ல நான் குப்பை கொட்டின காலம் பூரா, பதிவு கிடைக்கக் கூடாதுன்னு சாமிய வேண்டிக்கிட்டு வந்த ஒரே ஆள் கண்ணாத்தாள்தான். மத்தவங்க கிடைக்கலைன்னா என்னைத் திட்டுவாங்க. அந்தம்மா கிடைச்சதுக்குத் திட்டுச்சு.

முதல்முதல்ல பார்த்தது மனைப்பட்டா சமயத்துல. மிராசுதார் மண்ணுல குடிசை போட்டிருந்த விவசாயக் கூலிகளுக்கு அந்த மனையே சொந்தம்னு கவர்மெண்ட் சட்டம் போட்டிருந்துச்சு. சங்கத்து ஆளுங்களோட ஒரு கூட்டமே மனு கொடுக்க வந்து வராந்தாவுல ஏறிச்சு. எங்க பியூன் சிங்காரவேலு, "கீழ போய் நில்லுங்க"ன்னு எல்லாரையும் வெயிலுக்கு விரட்டினான். "மண்ணே எங்களுதுன்னு ஆயிடுச்சு, நிழலு மட்டும் உங்க பாட்டன் சொத்தா?"ன்னு கேட்டுட்டு, இந்தம்மா பாட்டுக்குப் பெஞ்சில உட்கார்ந்துக்கிச்சு. சிங்காரவேலுவை யாராவது இப்படிக் கேட்க மாட்டாங்களான்னு நான் ரொம்ப நாளா ஏங்கிக்கிட்டிருந்தவன். அன்னைக்கே எனக்குப் பிடிச்சுப் போச்சு.

நடவு, களையெடுப்பு, கதிரறுப்பு, இதுதான் பொழைப்பு. கூலிச் சண்டையில ஒருதரம் திருச்சி ஜெயிலுக்கும் போயிட்டு வந்துச்சு. ஜெயில் எப்படிம்மா இருந்துச்சுன்னு கேட்டேன். "சோறு பரவாயில்ல சார். வேலைதான் இல்ல. கையெல்லாம் நமநமன்னு போச்சு"ன்னுச்சு. அந்த வாய்க்காகவே அது வந்தா ஒரு டீ சொல்லுவேன்.

எழுபத்து மூணுல, தை அறுப்பு முடிஞ்ச சமயம், மலேசியாத் தபால் ஒண்ணோட வந்துச்சு. அதோட அண்ணன் இராஜாங்கம் எழுதினது. அவர் அங்க ரப்பர் எஸ்டேட்டுல பால் வெட்டுறவர். குடியுரிமை இல்லாதவங்க பெர்மிட் இல்லாம வேலை செய்யக்கூடாது, பெர்மிட் முடிஞ்சா ஊரைப் பார்த்துக் கிளம்ப வேண்டியதுதான்னு அங்க சட்டத்தை இறுக்கியிருந்தாங்க. அங்கயே பிறந்தவர்னு காட்டினா தப்பிக்கலாம். ஆனா எஸ்டேட் காகிதமெல்லாம் ஜப்பான்காரன் சண்டையில போச்சு. அதனால அங்கத்து வக்கீல் ஒரு வழி சொல்லியிருந்தார். தகப்பன் ஊரு ஆலங்கரையில இவர் பிறந்ததாப் பதிவு இல்லைன்னு இங்கிருந்து ஒரு சான்று வந்தா, மிச்சத்தை அவர் பார்த்துக்குவாராம்.

அப்பன் காத்தானும் அம்மா நீலாம்பாளும் பொழைப்புக்காக மலாய்க்குப் போனவங்க. கண்ணாத்தாள் அங்கதான் பிறந்துச்சு. அதுக்கு அஞ்சு வயசாகும்போது, அம்மா காய்ச்சல் உடம்போட இதை மட்டும் கூட்டிக்கிட்டு நாகப்பட்டினத்துல வந்து இறங்கிட்டாங்க. அண்ணன் அப்பாவோட தங்கிட்டார். அப்புறம் சண்டை, அப்புறம் அங்க அப்பன் சாவு, இங்க அம்மா சாவு. அண்ணனும் தங்கச்சியும் அதுக்கப்புறம் ஒருத்தரை ஒருத்தர் பார்த்ததே இல்லை.

ஆலங்கரைப் பதிவேட்டைப் புரட்டினேன். இல்லை. "இல்லைன்னா இல்லைன்னே எழுதிக் கொடுங்க சார்"ன்னுச்சு. முகத்துல அப்படி ஒரு நிம்மதி. எனக்குத்தான் பொறுக்கலை. தேடினது கிடைக்கலைன்னா அன்னைக்கு எனக்குச் சோறு இறங்காது. அப்படி ஒரு புத்தி. நாளைக்கு வாங்கம்மான்னு அனுப்பிட்டேன்.

வீட்டுக்குப் போனா, என் மக தலைப்பிரசவத்துக்கு வந்து உட்கார்ந்திருக்கா. என் சம்சாரம் ரெங்கம்மாள் அவளுக்குத் தலை பின்னி விட்டுக்கிட்டிருந்தா. சட்டுனு உறைச்சுது. அட முட்டாளே, இராஜாங்கம் தலைச்சன் பிள்ளையாச்சே, தலைப்பிரசவம்னா தாய்வீடுதானே, அப்பன் ஊருல தேடினா எப்படிக் கிடைக்கும்? நீலாம்பாள் பிறந்த ஊரு எங்க தாலுக்காவுலயே, திருப்பனந்தாள் பக்கம் சிறுகுடிச்சேரின்னு அந்தம்மா பேச்சுவாக்குல சொல்லியிருந்துச்சு. மறுநாள் ஆபீஸ் திறந்ததும் அந்த ஊருப் பதிவேட்டைத் தேடி எடுத்தேன். முப்பத்தொண்ணாம் வருஷம், அக்டோபர் மாசம். இருந்துச்சு.

கண்ணாத்தாள் வந்ததும், "கிடைச்சிருச்சும்மா, உங்க அண்ணன் இந்த மண்ணுலதான் பிறந்திருக்கார்"னு பல்லெல்லாம் தெரியச் சொன்னேன்.

பேயறைஞ்ச மாதிரி நின்னுச்சு. "உங்கள யாரு சார் அங்க தேடச் சொன்னது? நான் கேட்டது ஆலங்கரைதானே?"

கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதையாப் போச்சு எனக்கு. "அப்ப உங்களுக்கு இது தெரியுமா?"

"தெரியாம என்ன? தாய்வீட்டுல பெத்து, கைப்பிள்ளையோட கப்பலேறினேன்னு எங்கம்மா சொல்லிச் சொல்லி அழும். அண்ணனுக்குத்தான் தெரியாது. அவனுக்குப் பொய் வராது சார். தெரிஞ்சா அதிகாரிகிட்டயே போய் ஒப்பிச்சிட்டு நிப்பான். அதான் நான் மூச்சு விடல."

எனக்குக் கோவம் வந்துச்சு. தேடித் தேடி மூக்குல தூசி ஏறினவன் நான். "இந்தக் காகிதம் போனா உங்க அண்ணன் ஊருக்கே வந்துடுவாரே, கண்ணால பார்க்கலாமே, அந்த ஆசை கூட இல்லையா உங்களுக்கு?"ன்னு கேட்டுட்டேன்.

அந்தம்மா பெஞ்சில உட்கார்ந்துச்சு. ஜெயிலுக்குப் போனப்ப அழாத அம்மா, முந்தானையால மூக்கைத் துடைச்சுது.

"ஆசை இல்லாமயா சார்? கப்பல் கிளம்பற அன்னைக்கு என்னை இடுப்புல தூக்கிக்கிட்டு அழுதான். அந்த மூஞ்சி ஒண்ணுதான் எனக்குத் தெரியும். வந்தான்னா கட்டிப்பிடிச்சு அழுவேன். சரி, மறுநாள்? நாப்பது வயசுக்கு மேல சேத்துல இறங்கச் சொல்றதா? பொண்டாட்டியும் பிள்ளைங்களும் அங்கத்துக்காரங்க சார். அதுங்க அங்க நிக்க, இவன மட்டும் பிரிச்சுக் கப்பல்ல ஏத்துவாங்க. எங்கம்மா பட்டது போதாதா? எனக்குப் பாக்கணும்கிறதுக்காக அவன் குடும்பத்த அறுக்கவா?"

கொஞ்ச நேரம் மேஜை மேல இருந்த தூசியத் தட்டிக்கிட்டிருந்தேன். அப்புறம் காகிதம் எடுத்தேன். மனுவுல கேட்டிருக்கிறது ஆலங்கரை, ஆலங்கரைப் பதிவேட்டுல இல்லை. இதுல பொய் எங்க இருக்கு? எழுதி, தாசில்தார் கையெழுத்து வாங்கி, சீல் போட்டுக் கொடுத்தேன்.

அந்தம்மா அதை மடிச்சு இடுப்புல செருகிக்கிச்சு. கிளம்பலை. சிறுகுடிச்சேரிப் பதிவேடு இன்னும் மேஜை மேல விரிச்சபடியே கிடந்துச்சு.

"அந்த வரிய ஒருதரம் படிங்க சார்."

படிச்சேன். "பெயர் வைக்காத ஆண் குழந்தை. தகப்பன் ஆலங்கரைக் காத்தான். தாய் நீலாம்பாள்."

இன்னொருதரம் கேட்டுச்சு. இன்னொருதரம் படிச்சேன். அம்மா பேரு வர்ற இடத்துல தன் விரலைப் பிடிச்சு வைக்கச் சொல்லுச்சு. வச்சேன். எழுத்து தெரியாத விரல் அங்கயே கொஞ்ச நேரம் இருந்துச்சு.

"மூடிடுங்க சார்"ன்னுச்சு. "அவன் பிள்ளைங்களோட அங்கயே இருக்கட்டும்."